ஏதென்ஸிலிருந்து பெல்லா வரை: யூரிப்பிடீஸ் தடத்தில் ஏழு நாள்

நாள் 1: டயோனிசஸ் அரங்கு, ஏதென்ஸ்

அக்ரோபோலிஸுக்கு இரண்டு வாசல். சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் முழுக்க மேற்கு வாசலில் நிற்கும். பண்டைய கிரேக்கத் துன்பியல் கவிஞர் யூரிப்பிடீஸுக்காக வருகிறவர்களுக்குத் தென்கிழக்கு வாசல்தான் சரி. அக்ரோபோலி மெட்ரோ நிலையத்திலிருந்து சில நிமிட நடை, உள்ளே போனதும் முதலில் வருவதே மதுத் தெய்வம் டயோனிசஸின் அரங்குதான். டிக்கெட்டில் நுழைவு நேரம் குறித்திருக்கும்; ஆன்லைனில் எடுக்கும்போது காலையின் முதல் நேரத்தை எடுங்கள். ஜூலையில் பதினொரு மணிக்கு மேல் இந்தச் சரிவில் நிற்க முடியாது, நிழலே கிடையாது. அனல் மிஞ்சும் நாட்களில் நண்பகலிலிருந்து மாலை வரை மூடியும் விடுவார்கள். பலர் கால்பட்டு வழவழவென்று ஆகிவிட்ட பளிங்கு, வெறும் தரையிலேயே வழுக்கும். ரப்பர் அடியுள்ள ஷூ போடுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே கண்ணில் படும் கல் எதுவும் யூரிப்பிடீஸ் பார்த்தது அல்ல. முன்வரிசையின் பளிங்கு நாற்காலிகளையும் நடுவில் உள்ள டயோனிசஸ் பூசாரியின் செதுக்கு நாற்காலியையும்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் அரங்கைக் கல்லில் கட்டி முடித்தது கி.மு. 330களில், ஏதென்ஸ் அரசியல் தலைவர் லைகர்கஸின் நிர்வாகத்தில். யூரிப்பிடீஸ் செத்து எழுபது ஆண்டு ஆகியிருந்தது. தரையில் பாவியிருக்கும் வண்ணப் பளிங்கு ரோமர் வேலை. அவர் காலத்தில் மக்கள் உட்கார்ந்தது மரப்பலகையில். கல் அரங்கில் 15,000 பேருக்கு மேல் கொள்ளும் என்பார்கள். மர அரங்குக்கு அதில் பாதிகூட இருக்காது என்பதுதான் இப்போது பலர் ஒப்புக்கொள்ளும் கணக்கு.

இருந்தாலும் நடுத் தரையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இதற்குப் பெயர் ஆர்கெஸ்ட்ரா. கல்யாண வீட்டில் பாடும் ஆர்கெஸ்ட்ராவின் பெயர் இங்கிருந்து போனதுதான். அன்று அது வாத்தியக் குழு அல்ல, கோரஸ் என்ற பாட்டுக் குழு ஆடும் தரை. கோரஸில் 15 பேர். பேசும் நடிகர்கள் மூன்றே பேர். எல்லாரும் ஆண்கள், எல்லாருக்கும் முகமூடி. விறைப்பாக்கிய துணியில் செய்தவை என்பதால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உயரமான மரக்கட்டை அடிபோட்ட காலணியோடு நடிகர்களைக் காட்டும் படங்களை நம்ப வேண்டாம், அது பிற்கால வழக்கம்.

போட்டி இப்படி நடந்தது. வசந்த காலத்து டயோனிசியாத் திருவிழாவில் மூன்று கவிஞர்கள். ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகம், கடைசியில் டயோனிசஸின் தோழர்களாகக் குதிரைவால் கட்டிய சாட்டிர்கள் கூத்தடிக்கும் ஒரு நாடகம். நான்கையும் ஒரே நாளில் ஆடிவிட வேண்டும். யூரிப்பிடீஸ் முதலில் இறங்கியது கி.மு. 455. மூன்றாம் இடம். போட்டியிட்டதே மூன்று பேர் என்பதை நினைவில் வையுங்கள். முதல் வெற்றி வர 441 ஆயிற்று. மொத்தம் 22 முறை போட்டியிட்டு, உயிரோடு இருந்தவரை நான்கு முறைதான் வென்றார். இன்று உலகம் முழுக்க மேடையேறும் மெடியா, 431இல் கடைசி இடம் வாங்கிய வரிசையில் இருந்தது.

மெடியாவின் கடைசிக் காட்சியை இங்கே நின்று யோசித்தால் ஒன்று புரியும். பிள்ளைகளைக் கொன்றுவிட்டாள். கணவன் ஜேசன் கதவை உடைக்க ஓடிவருகிறான். பார்ப்பவர்கள் கண்ணும் கதவில்தான் இருக்கும், ஏனென்றால் வழக்கமாக உள்ளே நடந்த கொலையைச் சக்கரப் பலகையில் வைத்துக் கதவு வழியாகத்தான் வெளியே உருட்டுவார்கள். ஆனால் அவள் வருவது கூரைக்கு மேல், சூரியன் கொடுத்த தேரில். மேடைக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மரப் பாரந்தூக்கியின் வேலை அது. தேர், நடிகர், இரண்டு பிள்ளைகளின் உருவம் எல்லாம் சேர்ந்த பாரத்தைக் கயிற்றிலும் கப்பியிலும் ஆட்டம் இல்லாமல் நிறுத்த வேண்டும். இது லேசான காரியம் இல்லை: அரிஸ்டோஃபனீஸின் ஒரு நகைச்சுவை நாடகத்தில், அந்தரத்தில் தொங்கும் நடிகர் பாத்திரத்தை மறந்து, பார்த்துத் தூக்கு என்று பாரந்தூக்கிக்காரனிடம் கெஞ்சுவதே ஒரு சிரிப்பு. அரிஸ்டாட்டிலுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. கதையின் முடிச்சு கதைக்குள்ளிருந்துதான் அவிழ வேண்டும் என்றார். எனக்கு அரிஸ்டாட்டில் பக்கம் சாய மனம் வரவில்லை. கடவுள் நிற்க வேண்டிய உயரத்தில் ஒரு கொலைகாரத் தாயை நிறுத்தியதே அந்த நாடகத்தின் கடைசி அடி.

நாள் 2: சலாமிஸ், பெரிஸ்தேரியா குகை

பிரேயஸிலிருந்து பேராமா வரை பஸ், அங்கிருந்து பலூக்கியாவுக்கு கார்களும் ஏறும் ஃபெர்ரி. கால் மணி நேரம்தான். வரிசையாக ஓடிக்கொண்டே இருப்பதால் முன்பதிவு தேவையில்லை, துறையிலேயே டிக்கெட் வாங்கலாம். கடக்கும் இந்த ஒடுக்கமான நீர்தான் கி.மு. 480இல் பாரசீகக் கப்பல்படை மாட்டிக்கொண்ட இடம். போர் நடந்த அதே நாளில் யூரிப்பிடீஸ் இந்தத் தீவில் பிறந்தார் என்பது பழங்கதை. மற்ற இரண்டு பெரிய துன்பியல் கவிஞர்களில் ஏஸ்கைலஸ் போரில் சண்டையிட்டார், சோஃபோக்ளீஸ் வெற்றி விழாவில் ஆடினார், யூரிப்பிடீஸ் பிறந்தார் என்று மூவரையும் ஒரே கயிற்றில் கட்டும் கதை. அழகாக இருப்பதே சந்தேகத்துக்குக் காரணம். பாரோஸ் தீவில் கிடைத்த கல்வெட்டு அவர் பிறப்பைச் சில ஆண்டு முன்னால் வைக்கிறது.

குகை தீவின் தெற்கே, பெரிஸ்தேரியா என்ற கடலோர ஊருக்கு மேலே உள்ள சரிவில். சலாமினா டவுனிலிருந்து பஸ் உண்டு, ஆனால் நாளுக்குச் சில நடைதான். திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளாமல் போனால் டாக்சிக்குக் காத்திருக்க வேண்டிவரும். ஊரிலிருந்து மேலே ஏற்றம், முள்ளும் கல்லும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு டார்ச். செல்போன் வெளிச்சம் போதாது, ஒரு கை பாறையைப் பிடிக்கத் தேவைப்படும். தலையில் மாட்டும் விளக்கு நல்லது.

வாசல் குறுகல். உள்ளே சிறிய சிறிய அறைகளாகப் பத்து, மொத்த நீளம் 47 மீட்டர். கூரை பல இடத்தில் குனிய வைக்கும். 1990களில் யானோஸ் லோலோஸ் என்ற தொல்லியலாளர் இங்கே அகழாய்வு செய்தார். புதிய கற்காலத்திலிருந்தே மனிதர் வந்துபோன தடயங்கள் கிடைத்தன. ஆனால் செய்தியானது ஓர் உடைந்த கருப்புக் கோப்பை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. மேலே யூரிப்பிடீஸ் பெயரின் முதல் எழுத்துகள் கீறியிருந்தன. அவர் குடித்த கோப்பை என்று எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்: அந்த எழுத்து கோப்பையைவிடப் பிந்தையது. பின்னாளில் வந்த ரசிகர் யாரோ காணிக்கையாக வைத்துவிட்டுப் போனதாகக் கொள்வதே பொருத்தம். அதாவது இந்தக் குகைக்கு யாத்திரை வருவது நாம் தொடங்கியது அல்ல. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியரான ஆலஸ் கெல்லியஸ் வந்து பார்த்து, இருண்டு அச்சம் தரும் குகை என்று எழுதிவைத்தார். அவர் சொன்னது இன்றும் சரி.

இந்த அறைகளில் உட்கார்ந்து யாராலும் எழுத முடியாது. ஆனால் வாசலுக்கு வெளியே வந்து திரும்பினால் கீழே சரோனிக் வளைகுடா முழுதும் விரியும். கடலைப் பார்த்தபடி எழுதினார் என்று பழைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்வதில் கொஞ்சமாவது உண்மை இருந்தால் அது வாசலில்தான்.

அவர் தாய் கீரை விற்றவள் என்று நகைச்சுவை நாடகக்காரர்கள் ஊர் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வசதியான குடும்பம் என்று சொல்லவே சான்று அதிகம்.

நாள் 3: வ்ராவ்ரோனா

முதல் நாள், யூரிப்பிடீஸ் பார்த்த கல் எதுவும் அரங்கில் இல்லை என்று சொன்னோம். இன்று அது மாறுகிறது.

ஏதென்ஸுக்குக் கிழக்கே, நாற்பது கிலோமீட்டருக்குள், கடலோரச் சதுப்பில் வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் கோயில் வளாகம். ஆர்ட்டெமிடா ஊர் வரை நகரப் பேருந்து வரும். அங்கிருந்து கடைசித் துண்டுக்கு டாக்சிதான் வசதி. தளமும் அருங்காட்சியகமும் தனித்தனி இடம், இடையே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. வாரத்தில் எந்த நாள் மூடுவார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். கொசுமருந்து கட்டாயம். மழைக்காலத்தில் தளத்தில் நீர் தேங்கும்.

மூன்று பக்கத் தூண் மண்டபத்துக்குப் பின்னால் சதுரமான விருந்து அறைகள். ஒவ்வொன்றிலும் சாய்ந்து உண்ணும் கட்டில் 11. தரையைக் குனிந்து பாருங்கள்: கட்டில் கால் பதிந்த குழிகள் சுவரோரமாக வரிசை தப்பாமல் இருக்கின்றன. கதவு மட்டும் நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளி இருக்கும். நடுவில் வைத்தால் ஒரு கட்டிலுக்கு இடம் போய்விடும். பக்கத்திலேயே தட்டையான கல் பாலம், அதுவும் கி.மு. 5ஆம் நூற்றாண்டு. மண்டபம் எழுந்தது 420களையொட்டி. யூரிப்பிடீஸின் தாரிஸில் இஃபிஜீனியா நாடகம் அரங்கேறியது அதற்குப் பத்தாண்டு கழித்து.

அந்த நாடகத்தின் முடிவில் தெய்வம் ஆதீனா தோன்றி, தந்தை பலிகொடுக்கப்போய் ஆர்ட்டெமிஸ் காப்பாற்றிய இஃபிஜீனியாவிடம் சொல்வது: வ்ராவ்ரோனில் நீ சாவி காக்கும் பூசாரியாக இருப்பாய், இங்கேயே இறந்து புதைக்கப்படுவாய், பிரசவத்தில் இறந்த பெண்கள் வீட்டில் விட்டுப்போன துணிகள் உனக்குக் காணிக்கையாகும். பார்வையாளர்களில் பலருக்கு இந்தப் பாலமும் மண்டபமும் தெரிந்திருக்கும். நாடகம் கருங்கடல் கரையில் தொடங்கி, அவர்கள் ஊர்க் கோயில் வாசலில் முடிகிறது.

துணி விஷயம் கற்பனை இல்லை. இந்தக் கோயிலுக்கு வந்த ஆடைகளின் பட்டியல், அடுத்த நூற்றாண்டில் கல்லில் வெட்டியது, கிடைத்திருக்கிறது. கொடுத்தவள் பெயர், ஆடை வகை, நிறம், கரை, எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது வரை. சில பதிவுகளில் ஒரே சொல் சேர்ந்து வரும்: ராக்கோஸ், கந்தல். துணி நைந்தாலும் கணக்கிலிருந்து எடுக்கவில்லை.

நாள் 4: ஹல்கிடாவும் அவ்லிடாவும்

ஏதென்ஸ் மத்திய ரயில் நிலையத்திலிருந்து ஹல்கிடாவுக்குப் புறநகர் ரயில், ஒன்றரை மணி நேரத்துக்குள். இறங்கியதும் நீர்ச்சந்திக்குப் போய்விடலாம். யூபியா தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே 40 மீட்டர் அகலமே உள்ள இதன் பெயர் யூரிப்பஸ். நம் கவிஞரின் பெயரும் இதே சொல்லிலிருந்து வந்ததுதான்.

பழைய பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்க்க வேண்டும். நீர் ஆறு போல ஒரு திசையில் இழுத்துக்கொண்டு ஓடும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று, திரும்பி, எதிர்த்திசையில் ஓடும். சந்தியின் இரு பக்கமும் கடல் ஏற்றம் ஒரே நேரத்தில் வருவதில்லை, அந்த மட்ட வேறுபாடுதான் காரணம். அரைநிலவு நாட்களையொட்டி இந்த ஒழுங்கும் கெட்டுப்போகும். ஒரே நாளில் பலமுறை திசை மாறும், சில நேரம் நின்றேபோகும். திரும்பும் கணத்தைப் பார்க்க வேண்டுமானால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வாருங்கள். அரைநிலவு நாளில் வந்து மணிக்கணக்காகக் காத்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

ஆர்ட்டெமிஸ் கோயில் இருந்த அவ்லிடா இங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே. டாக்சி பேசிக்கொண்டு, காத்திருக்கச் சொல்லுங்கள். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்: சாலையோரம் கம்பிவேலி, உள்ளே புல் மண்டிய அஸ்திவாரம், அருகில் 2013இல் மூடிய சிமென்ட் ஆலை. 1941இல் சாலை போட வெட்டியபோது தற்செயலாக வெளிப்பட்ட கோயில் இது. கிரேக்கப் படை முழுதும் டிராய்க்குப் புறப்படக் கூடி, காற்று இல்லாமல் தவித்து, தளபதி அகமெம்னான் தன் மகள் இஃபிஜீனியாவைப் பலிகொடுக்க அழைத்துவந்த இடம் என்று கதை சொல்வது இதைத்தான்.

அவ்லிடாவின் பழைய பெயர் அவ்லிஸ். அவ்லிஸில் இஃபிஜீனியா நாடகம் தொடங்கும் நேரம் விடியலுக்கு முன். பறவைச் சத்தம் இல்லை, கடல் சத்தம் இல்லை, யூரிப்பஸின் மேல் காற்று ஊமையாகக் கிடக்கிறது. கூடாரத்து விளக்கில் அகமெம்னான் ஒரு கடிதம் எழுதுகிறான். அழிக்கிறான். முத்திரை போடுகிறான். பிரிக்கிறான். எழுதிய பலகையைத் தரையில் எறிகிறான். அழுகிறான். பக்கத்தில் கிழட்டு வேலைக்காரன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மகளை வரச்சொல்லி ஏற்கெனவே ஒரு கடிதம் போய்விட்டது. வராதே என்று சொல்லும் இரண்டாவது கடிதம் இது. ஆறு மணி நேரத்துக்கொரு தரம் திசை மாறும் நீரைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் காட்சியைப் படியுங்கள். இந்த நாடகத்தில் எல்லாரும் மனம் மாறுகிறார்கள்: அகமெம்னான் மாறுகிறான், தம்பி மெனெலாஸ் மாறுகிறான், கடைசியில் இஃபிஜீனியாவும் மாறுகிறாள். அவள் மாறியது பொருத்தமில்லை என்று அரிஸ்டாட்டில் இதற்கும் குறை சொன்னார்.

ஒரு கேள்வி வரும். அவர் எழுதியது 90க்கும் மேல்; கிடைத்தது 19, அதிலும் ரீசஸ் என்ற நாடகம் அவருடையதுதானா என்று சந்தேகம். அப்படியிருக்க இஃபிஜீனியா பற்றி மட்டும் இரண்டு எப்படித் தப்பின? சிறந்தவை என்று தேர்ந்ததால் அல்ல. பள்ளிகளில் பாடமாக வைத்த பத்து நாடகங்கள் ஒரு வழியாக வந்தன. மீதி ஒன்பது, அகரவரிசையில் அடுக்கிய முழுத் தொகுப்பின் ஒரு துண்டு தற்செயலாக மிஞ்சியதால் வந்தன: ஹெலன், எலெக்ட்ரா, அயோன், இரண்டு இஃபிஜீனியா, சைக்ளோப்ஸ் எல்லாம் கிரேக்க நெடுங்கணக்கில் ஈயிலிருந்து கே வரை உள்ள எழுத்துகள். ஃபிளாரன்ஸில் இருக்கும் 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றுதான் இவற்றின் ஆதாரம். முழுதாகக் கிடைத்த ஒரே சாட்டிர் நாடகமான சைக்ளோப்ஸும் எழுத்து வரிசையின் தயவில் பிழைத்ததே. 2022இல் எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ், ஈனோ, பாலிஇடஸ் என்ற தொலைந்த இரண்டு நாடகங்களிலிருந்து நூற்றுக்குச் சற்றுக் குறைவான வரிகளைத் திருப்பிக் கொடுத்தது.

நாள் 5: எபிடாரஸ்

இந்தப் பெயரில் மூன்று ஊர் உண்டு. பெரிய அரங்கு இருப்பது லிகூரியோவுக்கு அருகில், அஸ்க்ளீபியஸ் மருத்துவக் கோயில் வளாகத்தில். கடலோரப் பழைய எபிடாவ்ரோஸிலும் ஒரு சின்ன அரங்கு உண்டு, அங்கும் கோடையில் நாடகம் நடக்கும். டிக்கெட் எடுக்கும்போது எந்த அரங்கு என்று இரண்டு தரம் பாருங்கள்.

இதுவும் அவர் காலத்தது அல்ல, கி.மு. 4ஆம் நூற்றாண்டு. கீழே 34 வரிசை, மேலே 21. வட்டத் தரையின் குறுக்களவு சுமார் 20 மீட்டர். நடுவில் காசு போட்டால் கடைசி வரிசையில் கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் அளந்து பார்த்தார்கள். காசு விழும் சத்தம் அரங்கு முழுக்க எட்டினாலும், காசு என்று தெரிவது பாதி தூரம் வரைதான். முணுமுணுப்பு முன்வரிசையோடு சரி. குரலை உயர்த்தித் தெளிவாகப் பேசினால் மேல் வரிசைக்கும் கேட்கிறது, நடிகர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

நாடகங்கள் கோடையில் வெள்ளி, சனி இரவுகளில். நவீன காலத்தில் இங்கே விழா தொடங்கியது யூரிப்பிடீஸை வைத்துத்தான்: 1954இல் முன்னோட்டமாக ஹிப்பாலிட்டஸ், 1955இல் முறையான தொடக்கமாக ஹெக்குபா. ஓரத்து இருக்கைகளை எடுக்க வேண்டாம். இன்றைய இயக்குநர்கள் வட்டத்துக்குப் பின்னால் செட் போடுவதால் பாதி மறையும். கீழடுக்கின் நடுப்பகுதி நல்லது. குதிகால் உயர்ந்த செருப்புக்கு அனுமதி இல்லை. கல்லில் இரண்டு மணி நேரம் உட்கார மெத்தை வேண்டும், இரவில் மேலே போர்த்த ஒரு துணியும். ஆட்டம் முடிந்து விழாப் பேருந்தில் ஏதென்ஸ் வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். மறுநாள் அதிகாலை ரயிலுக்கு முன்பதிவு செய்துவிடாதீர்கள்.

நாள் 6

ஏதென்ஸிலிருந்து தெசலோனிகி. ஐந்நூறு கிலோமீட்டர், நாள் போய்விடும். வழியில் படிக்க, டயோனிசஸை எதிர்த்த அரசன் பெந்தியூஸின் கதையான பாக்கைகள் நாடகம்.

நாள் 7: பெல்லா, தெசலோனிகி

எழுபது தாண்டிய வயதில், கி.மு. 408ஐ ஒட்டி, யூரிப்பிடீஸ் ஏதென்ஸை விட்டு மாசிடோனிய அரசன் ஆர்க்கிலாஸின் அழைப்பில் வடக்கே வந்தார். 406இல் இங்கேயே இறந்தார். அரசனின் வேட்டை நாய்கள் கடித்துக் குதறியதாக ஒரு கதை; பெந்தியூஸைப் பெண்கள் பிய்த்துப்போட்ட நாடகத்தை எழுதியவருக்கு அதே மாதிரிச் சாவை யாரோ ஒட்டவைத்திருக்கிறார்கள். செய்தி ஏதென்ஸ் வந்தபோது, சோஃபோக்ளீஸ் தன் கோரஸை மலர்முடி இல்லாமல் மக்கள் முன் கொண்டுவந்தார் என்பது மட்டும் நம்பத் தகுந்ததாக இருக்கிறது.

பெல்லா தெசலோனிகியிலிருந்து நாற்பது கிலோமீட்டர், பஸ் உண்டு. தளமும் அருங்காட்சியகமும் இங்கும் தனித்தனி. முதலில் தளத்துக்குப் போங்கள், மதியம் குளிரூட்டிய அருங்காட்சியகம். அன்று கடல் கிட்டத்தில் இருந்தது, ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் இப்போது எட்டாத் தூரம். கூழாங்கல் தரைச்சித்திரங்கள்தான் இங்கே சிறப்பு. சிறுத்தை மேல் ஒய்யாரமாக உட்கார்ந்த டயோனிசஸ்: கல்லை வெட்டவே இல்லை, ஆற்றுக் கூழாங்கல்லை நிறம் பார்த்துப் பொறுக்கி அடுக்கியது. உடல்கோட்டுக்கு மட்டும் மெல்லிய ஈயப்பட்டை. யூரிப்பிடீஸுக்குப் பிறகு இரண்டு மூன்று தலைமுறை கழித்துச் செய்தது. ஆனால் பாக்கைகள் நாடகத்தில் வரும் டயோனிசஸும் இப்படித்தான்: இளைஞன், பெண்சாயல், சிரித்த முகம், அவசரமே இல்லாதவன்.

அந்த நாடகத்தை மூன்று நடிகருக்குள் பிரித்துப் பார்த்தால் பெந்தியூஸாக வரும் அதே ஆள்தான் அவன் தாய் அகாவேயாகவும் வர வேண்டும். டயோனிசஸ் ஏற்றிய பித்தில் அவள் சிங்கத்தலை என்று நினைத்துக் கையில் பிடித்து வருவது மகன் தலையை. பெரும்பாலும் அது பெந்தியூஸின் முகமூடியேதான். ஆக, கொஞ்ச நேரம் முன்பு தன் முகத்தில் இருந்ததையே அந்த நடிகர் கையில் தூக்கி வருகிறார். பித்துத் தெளிந்து அவள் உடலைச் சேர்த்து வைத்துப் புலம்பும் பகுதி நம்மிடம் இல்லை. பிரதியில் அந்த இடத்தில் வரிகள் தொலைந்துவிட்டன. பைசாந்தியக் காலத்தில் யாரோ ஏசுவின் பாடுகளைப் பற்றி எழுதிய நாடகத்தில், மரியாளின் புலம்பலுக்காக இதிலிருந்து வரிகளை எடுத்துச் செருகியிருந்தார். அதை வைத்துத்தான் ஓரளவு மீட்கிறார்கள்.

மாலை தெசலோனிகி தொல்லியல் அருங்காட்சியகத்தில் டெர்வேனிக் கலம். 1962இல் ஒரு கல்லறையில் கிடைத்த வெண்கல மதுக்கலம், 40 கிலோ, தொண்ணூறு சென்டிமீட்டர் உயரம். தங்கமுலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, தகரம் அதிகம் கலந்ததால் வந்த நிறம். முன்பக்கம் டயோனிசஸும் அவன் மனைவி அரியாட்னியும். கூட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. நீங்கள் சுற்றி நடங்கள். ஆடிக் களைத்த பெண்களுக்கு நடுவில், ஒரு காலில் மட்டும் செருப்புள்ள ஆண் ஒருவன் நிற்கிறான். பெந்தியூஸ் என்கிறார்கள் சிலர், டயோனிசஸை எதிர்த்த இன்னோர் அரசன் லைகர்கஸ் என்கிறார்கள் சிலர். கண்ணாடியில் விளக்கு பிரதிபலிப்பதால் நேராக நின்று படமெடுத்தால் வராது. ஒரு பக்கமாகக் குனிந்து, கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுங்கள்.